கவுண்டருக்குக் கீழே

"யாருய்யா என்னை உதைச்சது?" என்று
திரும்பிப் பார்த்தார் ஏகாம்பரம்.
பின்னால் யாரும் இல்லை.
வெள்ளைக் கோடும், அதற்கப்பால்
யாரோ கழற்றிப் போட்ட செருப்புகளும்தான்.
அறுபத்தொரு வயது.
பைக்கை நிறுத்திய சூட்டோடு
ஸ்மாஷ் அடிக்கப் போனவர்.
அறுந்தது குதிகாலுக்கு மேலே.
சத்தம் எனக்கும் கேட்டது:
தபால் மூட்டையை இறுக்கும்போது
சணல் கயிறு தெறிக்குமே, அது.

அன்றிரவு என் குதிகாலைத் தடவிப் பார்த்தேன்.
ஐம்பத்து மூன்று வருடம் கூடவே வந்தும்
சௌக்கியமா என்று கேட்டதில்லை.

மஞ்சக்குப்பம் தபால் நிலையம்,
மூன்றாம் கவுண்டர், விரைவுத் தபால்.
மேசைக்கு மேலே நான் அரசு ஊழியர்.
எடை பார்க்கிறேன், பின்கோடு கேட்கிறேன்,
"பசை அந்தப் பக்கம்" என்கிறேன்.
மேசைக்குக் கீழே
குதிகால் ஏறுகிறது,
மூன்று எண்ணி, மெல்ல இறங்குகிறது.
நெய்வேலிக்கு முறுக்கு போனால் பத்து தடவை.
மலேசியாவுக்கு அப்பளம்,
சுங்கப் படிவம் நீளம், முப்பது.
"மேடம் இன்னிக்கு உசரமாத் தெரியறீங்க"
என்றான் வக்கீல் ஆபீஸ் பையன்.
முத்திரையை ஓங்கிக் குத்தினேன்.
(அப்படிக் குத்தவும் கூடாதாம், தோளுக்கு.)

எல்லாம் பிசியோ ரோஸ்லின் பரிமளா சொன்னது.
திருப்பாதிரிப்புலியூரில் மாடியில் கிளினிக்;
ஏறி வந்துவிட்டாலே பாதி குணம் என்பாள்.
அவளுடைய முதல் கேள்வி:
"இந்த ஷூ வாங்கி எத்தனை வருஷம்?"
மகள் கல்யாணத்துக்கு முன்னால் என்றேன்.
பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

ஆகவே புது ஷூ.
ஆகவே ஆட்டத்துக்கு முன் கால் மணி நேரம்
நடை, கயிறில்லாத ஸ்கிப்பிங், கை சுழற்றல்.
"ஆன்ட்டி மேட்ச் ஆரம்பிச்சிட்டாங்க,
எதிராளிதான் இன்னும் வரலை"
என்பார்கள் காலேஜ் பிள்ளைகள்.
வியர்க்கும் முன்பே தண்ணீர்.
ஞாயிறு ஓய்வு. அதுதான் கஷ்டம்.
தேவனாம்பட்டினம் மணலில்
சும்மா உட்கார இந்தக் காலுக்குத் தெரியவில்லை.
அலை ஓடி வருகிறது, ஓடிப் போகிறது,
மறுபடி ஓடி வருகிறது.
அதற்கென்ன,
அதற்கு மூட்டு கிடையாது.

முழங்கால் வீங்கிய வாரம்
முதுநகர் துறைமுகத்திலிருந்து
மீனுக்கு உடைத்த ஐஸில் ஒரு துண்டம்
கொண்டுவந்து கொடுத்தார் கொழுந்தனார்.
துணியில் சுற்றி வைத்துக்கொண்டேன்.
இருபது நிமிடத்தில்
வீடு முழுக்கக் கவலை வாடை.
மீனைச் சொல்கிறேன்.

ஜனவரியில் அரசு ஊழியர் இரட்டையர், அரையிறுதி.
என் ஜோடி கருவூலத்து நிலோஃபர்.
எதிரே வருவாய்த்துறைப் பெண்கள்;
இருவர் வயதையும் கூட்டினால்
என் வயதைவிட இரண்டு அதிகம்.
மூன்றாம் செட். பத்தொன்பது, இருபது.
வலையை ஒட்டி ஒரு சொட்டு விட்டாள் அந்தப் பெண்.
எட்டும் தூரம்தான்.
முப்பதில் பாய்ந்திருப்பேன்,
முட்டியைத் தரையில் தேய்த்துக்கொண்டு.
நாற்பதிலும்.
இடது பின்தொடையில் ஒரே ஒரு நூல்
லேசாக இழுத்தது.
நின்றுவிட்டேன்.
இறகு தரையில் விழுந்தது,
அறுந்த சத்தம் எதுவும் இல்லாமல்.

"எடுத்திருக்கலாமேக்கா" என்றாள் நிலோஃபர்.
எடுத்திருக்கலாம்.
இரண்டு நாள் அவள் சரியாகப் பேசவில்லை.
எனக்கும் தூக்கமில்லை;
படுக்கையில் கிடந்து
அந்தப் பந்தை எட்டுத் தடவை எடுத்தேன்.
எட்டும் பாயிண்ட்.
காலையில் எழுந்து பாதத்தை ஊன்றினேன்.
வலிக்கவில்லை.
அதற்கு யாரும் கோப்பை தருவதில்லை.

திங்கட்கிழமை ஏகாம்பரம் வந்தார், கைத்தடியோடு.
"தோத்துட்டீங்களாமே."
"ஆமா சார்."
கொஞ்ச நேரம் தராசையே பார்த்தார்.
பிறகு கண்ணாடித் துவாரத்தில் குனிந்து,
ஏதோ லஞ்சம் பேசுகிற குரலில்:
"கீழே என்னமோ செய்யறீங்களாமே.
அதை எனக்கும் கொஞ்சம்..."

வரிசையில் ஒன்பது பேர்.
சர்வர் வேறு நின்றிருந்தது.
"ரோஸ்லின் ஏற விட்டாளா சார்?"
"போன வாரமே விட்டாச்சு."
"அப்போ தடியை ஓரமா வைங்க.
கவுண்டரைப் பிடிச்சுக்குங்க."